கவணி போட்டுக்கொண்டு வந்தவர்கள்

மணி அடிக்கிறது. நிற்காமல் அடிக்கிறது. நான் கோயிலை நோக்கி ஓடுகிறேன். எதிரே ஒருவர் கோயிலிலிருந்து ஓடி வருகிறார். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார். ஒரு காலில் செருப்பு. மற்றக் காலில் சேறு.

“ஓடு பெண்ணே! போலீஸ்! திரும்பி ஓடு!”

வக்கீல். நாகர்கோவிலிலிருந்து வந்து எங்களுக்குத் தமிழ் உணர்ச்சி ஊட்டிக்கொண்டிருந்தவர். கடைசித் துளி ரத்தம் உள்ளவரை என்று மேடையில் பேசியவர். யாருடைய ரத்தம் என்று சொல்லவில்லை. வாழைத் தோட்டத்துக்குள் நுழைந்தார். இலைகள் சரசரத்தன. அடங்கின. பிறகு இரண்டு வருடம் நான் அவரைப் பார்க்கவில்லை.

1954. ஆடி முடிய நாலைந்து நாள் இருந்தது. வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணி கழிந்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் மார்த்தாண்டத்தில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டிருந்தது. நெய்யாற்றங்கரையில் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று நடந்தே வந்திருந்தேன். எனக்குப் பதினேழு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதை நான் அடக்கத்தோடு சொல்வதில்லை.

மணியடிப்பது என் அப்பா. பெயர் ஏசுவடியான். எங்கள் மிஷன் கோயிலில் மணிக்கயிறு அவர் கையில்தான். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.

பலாமரத்துக்குப் பின்னால் போலீஸ் வண்டி நிற்கிறது. அதைப் பார்க்கிறேன். அடுத்ததாகப் பாதையைப் பார்க்கிறேன். பாதை முழுக்க வெள்ளை. பெண்கள். தோளில் கவணி என்ற வெள்ளை மேல்துணியைப் போட்டு, கையில் பாட்டுப் புத்தகத்தோடு, ஒழுங்காக மேட்டில் ஏறி வருகிறார்கள். கோயில் முற்றத்துக்கு. போலீஸின் கைக்கு.

நான் கத்துகிறேன்.

“வராதீங்க! போலீசு நிக்கான்! திரும்பிப் போங்க!”

மணி என் குரலை விழுங்குகிறது. அப்பா நன்றாக அடிப்பவர்.

முன்னால் வருவது ஞானப்பூ அத்தை. அப்பாவின் தங்கை. அடுத்த வீட்டுக்காரி. சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்பவள். அவள் வாய்க்குக் களியக்காவிளை வியாபாரிகள் எல்லோரும் பயப்படுவார்கள். கவணியின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“எதுக்குப் பிள்ளே கெடந்து தொண்டைய கிழிக்க? பிஷப்பு வந்துட்டாரா? உனக்க அப்பன் இண்ணைக்கு மணிய ஒடைச்சிட்டுத்தான் விடுவான் போல.”

அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஏன் வந்தார்கள்? இரண்டு வருடமாக ஒவ்வொருவரும் கேட்டார்கள். இந்தப் பெண்களுக்கு அறிவில்லையா என்றார்கள். சொல்கிறேன்.

இந்த ராஜ்யத்தில் எங்கள் பெண்கள் தோளை மூடினால் துணியைக் கிழித்த காலம் ஒன்று இருந்தது. கிழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தாலுகா கச்சேரியிலும் கமிட்டியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். மிகவும் மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் தோளை மூடிக்கொண்டு தலை நிமிர்ந்து போக ஒரே இடம்தான் இருந்தது. கோயில். அதனால் மணி சத்தம் கேட்டால் எங்கள் பெண்கள் யோசிப்பதில்லை. முதல் மணிக்குக் குளிப்பார்கள். இரண்டாம் மணிக்குக் கவணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார்கள். அன்று இடைவெளி இல்லாமல் அடித்ததால் அவசரம் என்று நினைத்தார்கள். வழக்கத்தைவிட வேகமாக வந்தார்கள். கவணியை மட்டும் யாரும் விட்டுவிட்டு வரவில்லை.

வக்கீலுக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சியும் செய்யவில்லை. ஆண்களைக் கூட்டி வைத்து, போலீஸ் வந்தால் மணியை விடாமல் அடி, எல்லோரும் மரச்சீனித் தோட்டத்துக்குள் ஓடட்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டத்தில் பெண்கள் இல்லை. பெண்களை அழைக்கவில்லை. விஷயம் வெளியே போகக்கூடாது என்று ஒவ்வொரு ஆணும் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தான். மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் வீட்டுக்குப் போன உடனே பெண்டாட்டியிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் மிஷன் ஆட்கள். வேதத்தில் வைத்த கையை மாற்ற மாட்டார்கள். ஒருவன்கூடச் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. ஞானப்பூ அத்தையின் புருஷன் தங்கையன் மாமாவும் சொல்லவில்லை.

மணி அடித்தது. ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் வந்தார்கள்.

முற்றத்தில் ஒரு சத்தம். விசில். நீளமாக ஒரு தடவை.

“ஜாதயாடா! அடிச்சு ஓடிக்கெடா!”

ஊர்வலம் வருகிறது என்று நினைத்துவிட்டார்களாம். பாட்டுப் புத்தகம் பிடித்த நாற்பது பெண்களைப் பார்த்து ஆயுதம் தாங்கிய போலீஸுக்கு அப்படித் தோன்றியதாம். வீரர்கள்.

லத்தி தோளில் விழும் சத்தம் ஒன்று. முதுகில் விழும் சத்தம் வேறு. எலிசபெத் அக்காவின் கையில் விழுந்தபோது மரச்சீனிக் கிழங்கை ஒடித்தது போல் கேட்டது. யாரோ “ஏசுவே” என்கிறார்கள். யாரோ என்னைத் தள்ளுகிறார்கள். சேற்றில் விழுகிறேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன். ஞானப்பூ அத்தை ஓடவில்லை. ஒரு போலீஸ்காரன் அவள் கவணியைப் பிடித்து இழுக்கிறான். அவள் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“விடுலே! எலே, விடு! இது எனக்க கவணியாக்கும்!”

அவன் விட்டான். விட்டுவிட்டு லத்தியை ஓங்கினான். தலை. சத்தமே வரவில்லை. மணிதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கோபுரத்தின் மேலே அப்பா அடித்துக்கொண்டே இருந்தார். கீழே நடந்தது அவருக்குத் தெரியாது. தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். மேலே ஏறிப்போய் இழுத்து வந்தார்கள். படியில் வரும்போதுதான் முற்றத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கையைக் கீழே தொங்கவிட்டார். பிறகு அந்தக் கைகளுக்கு உயிர் இருப்பதாகவே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நீ தமிழனோ மலையாளியோ?”

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்காதவர்கள் இல்லை. நெய்யாற்றங்கரையில் என்னைப் பாண்டி என்பார்கள். நாகர்கோவிலில் மலையாளத்துப் பெண் என்பார்கள். நாங்கள் கணக்கை மலையாளத்தில் போடுகிறோம். ஜெபத்தைத் தமிழில் செய்கிறோம். சந்தையில் எந்த மொழியில் விலை குறையுமோ அதில் பேசுகிறோம். பாறசாலை, இஞ்சிவிளை, செறுவாரக்கோணம், பொழியூர் கடற்கரைவரை எங்கள் சனம் இருக்கிறது. காட்டாக்கடையில் சித்தப்பா, படந்தாலுமூட்டில் அம்மாவின் பிறந்த வீடு. ராஜா இருந்தபோது வரி வாங்கினார்கள். அப்போது யாரும் நீ யார் என்று கேட்கவில்லை.

அப்பா சொன்னார்.

“நான் இந்தக் கோயிலுக்க ஆளாக்கும்.”

ஒரு அறை. வலது காதில்.

“தமிழனோ மலையாளியோ?”

“இந்தக் கோயிலுக்க ஆளு.”

இன்னொரு அறை. இடது காதில். வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக்குள்ளும் அந்தக் கேள்வி தொடர்ந்தது. அவருடைய பதிலும் மாறவில்லை. அறையும் மாறவில்லை.

அத்தையை ஒரு கதவுப் பலகையில் வைத்து நெய்யாற்றங்கரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினோம். பெண்கள்தான் தூக்கினோம். ஆண்கள் இன்னும் மரச்சீனித் தோட்டத்தில் இருந்தார்கள். அமரவிளைப் பாலம் தாண்டவில்லை. அத்தையின் கை பலகையிலிருந்து வெளியே விழுந்தது. கவணியின் முனை அந்தக் கைக்குள்தான் இருந்தது. அப்படியே திரும்பினோம்.

அப்பா ஓணம் கழிந்து வந்தார். இரண்டு காதும் போயிருந்தது. அம்மா கூப்பிட்டாள். திரும்பவில்லை. நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். மணிக்கயிறு வேறொருவன் கையில் இருந்தது.

வக்கீல் ஒளிந்திருந்த இடத்திலிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார். போலீஸ் வந்ததும் மணியடித்துப் பெண்களைக் கூட்டிக்கொடுத்தவன் ஏசுவடியான். ஊர் நம்பியது. நம்பாதவர்களுக்கு உண்மை தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் மரச்சீனித் தோட்டத்தையும் சொல்ல வேண்டும். தன் பெண்டாட்டியிடம் சொல்லாததையும் சொல்ல வேண்டும். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். தங்கையன் மாமா எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார். பெண்டாட்டியைப் புதைத்த மனுஷன் என்று அம்மா இரக்கப்பட்டாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

அப்பாவும் சொல்லவில்லை. அவரிடம் வாய் இருந்தது. நான் கை காட்டிக் கேட்டேன், யார் அடிக்கச் சொன்னது என்று. ஜன்னலில் இருந்த வேதப்புத்தகத்தைப் பார்த்தார். வெளியே போய்விட்டார். துரோகி என்ற பெயரோடு இரண்டு வருடம் இந்த ஊரில் நடந்தார். சத்தியத்தைக் காப்பாற்றினார். வேதத்தில் கை வைக்கச் சொன்ன ஆள் எங்கேயோ பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

1956 நவம்பர். எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள். களியக்காவிளை அந்தப் பக்கம். இஞ்சிவிளை இந்தப் பக்கம். தாலுகாக்களை எண்ணிப் பிரித்தவர்களுக்கு நெய்யாற்றங்கரை தேவைப்படவில்லை. அடி வாங்கியது தமிழுக்காக. கிடைத்தது கேரளம். எனக்குக் கேரளத்தின்மேல் கோபம் இல்லை. இன்று நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் அதில்தான் இருக்கிறது. எங்களை எண்ணாமல் எங்கள் பெயரால் வெற்றி கொண்டாடியவர்கள் மேல்தான்.

கொண்டாட்டம் களியக்காவிளையில். நான் நடந்து போனேன். எல்லையைத் தாண்டியது எனக்குத் தெரியவில்லை. அதே சேறு. அதே டீக்கடை. மேடையில் வக்கீல். மூன்று மாலை. தியாகிகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. ஞானப்பூ என்ற பெயர் வரவில்லை.

நான் எழுந்து நின்றேன்.

“வக்கீல் சாரே, ஞானப்பூ பேரு உண்டா இல்லையா?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். சிரித்தார்.

“அது அந்தப் பக்கம் அம்மா. கேரளத்திலே. அங்கே ஒரு துரோகி மணியடித்து...”

“துரோகிக்க மொவதான் நான். உங்க செருப்பு ஒண்ணு கோயிலுக்க பின்வாசல்ல கெடந்துது சாரே. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். எப்ப வந்து வாங்குதிய?”

சிலர் சிரித்தார்கள். சிலர் என்னை உட்காரச் சொன்னார்கள். ஒருவன் மலையாளத்துப் பெண்ணைப் பிடித்து வெளியே தள்ளு என்றான். வக்கீலின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் சொன்னார், அந்த ஊருக்குத் தான் வந்ததே இல்லை என்று.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல்.

“வந்தாரு.”

தங்கையன் மாமா. அவர் வந்திருந்தது எனக்குத் தெரியாது.

“வந்தாரு. மணியடிக்கச் சொன்னது இவராக்கும். வேதத்துல கை வைக்கச் சொன்னதும் இவரு. நானும் வச்சேன். வீட்டுல சொல்லல. அவ கவணி போட்டுக்கிட்டு போறத தோட்டத்துல இருந்து பாத்தேன். கூப்பிடல.”

ஒரு மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. வக்கீல் தண்ணீர் கேட்டார்.

இரண்டு வருடம் கழித்துத் திறந்த வாய். நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

அன்று திரும்பி வரும் வழி முழுக்க யோசித்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? காது கேட்காது. எழுத்துத் தெரியாது. நான் படித்த இரண்டு மொழியும் அவரிடம் போய்ச் சேராது. அவருடைய நல்ல பெயர் திரும்பி வந்துவிட்டது, அதைக் கேட்க ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கையன் மாமா எங்கள் முற்றத்துக்கு வந்தார். அப்பாவின் கையைப் பிடித்தார். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணிக்கயிற்றை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தார். விரல்களை மூடினார். அப்பா கயிற்றைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு அடித்தார். முதல் மணி. நிறுத்தினார். இரண்டாம் மணி. பாதையைப் பார்த்துக்கொண்டே அடித்தார். மணி சத்தம் அவருக்குக் கேட்காது. வெள்ளைக் கவணிகள் மேட்டில் ஏறி வருவதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார். இன்றும் அப்படித்தான் நிறுத்துகிறார்.

இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஞானப்பூ அத்தை. எலிசபெத் அக்காவின் இடது கை. இருக்கிறது, ஆனால் அந்தக் கையால் பாட்டுப் புத்தகம் பிடிக்க முடியாது. என் அப்பாவின் இரண்டு காதுகள். அந்த இரண்டு வருடங்கள். அம்மாவின் பிறந்த வீடு. அதற்கு வேறு மாநிலத்துக்குப் போக வேண்டும். தங்கையன் மாமாவின் சத்தியம். அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, சேர்த்திருக்கிறேன்.

வக்கீல் இழந்தது ஒரு செருப்பு. வலது கால். இன்னும் வாங்க வரவில்லை.