ஹென்லியை வீட்டுக்கு அனுப்பிய விதம்

கணுக்காலுக்கு டேப் ஒட்டுவதற்கு முன்னால் காலை நன்றாகத் துடைக்க வேண்டும். சின்ன விசயம்தான், ஆனால் பெரும்பாலானவர்கள் துடைக்கமாட்டார்கள். ஈரக்காலை நீட்டிவிட்டு, பிறகு டேப் கழன்றுவிட்டது என்று என்னில் குறை சொல்லுவார்கள். அன்வில்ஸ் அணியில் நான் இருந்த காலம் முழுக்க இப்படிப்பட்ட ஆட்களோடுதான் சீவித்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் பொறுமையில்லாதவன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். நல்லது, தேனுஜா. டொச்சில், இந்த ஜெர்மன்காரரின் மொழியில், சொன்னால் எல்லாம் குற்றப்பத்திரிகை போலத்தான் கேட்கும். நீங்கள் என்னுடைய சட்டத்தரணி. பொலிசுக்குச் சொன்னதை மறந்துவிட்டு நடந்ததைச் சொல்லுங்கோ என்று கேட்டீர்கள். சொல்லுகிறேன்.

டோர்ட்மண்டில் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுகிறவனை ஆட்கள் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். இந்த ஊருக்கு உதைபந்து போதும். ஆனாலும் ப்ரோய்கர் என்று குளியலறை ஓடு விற்கிற ஒரு பணக்காரர், சம்பளம் கொடுத்து விளையாட்டுக்காரரை எடுத்து, ஒரு தொழில்முறை அணியை உண்டாக்கினார். அன்வில் என்றால் கொல்லன் பட்டடையில் வைத்து அடிக்கிற இரும்பு. எல்லோரும் அடிக்கிற பொருளின் பெயரை அணிக்கு வைத்தபோது அங்கு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் அங்கே பிசியோதெரபிஸ்ட். காயங்களுக்குப் பொறுப்பு நான்தான். டொக்டர் போட்டி நாளில் மட்டும் வருவார். அவரும் நான் அனுப்புகிற ஆளை மட்டும்தான் பார்ப்பார்.

போன கோடையில், போட்டிப் பருவத்தின் நடுப்பகுதியில், அணி தோற்றுக்கொண்டே இருந்தது. தலைமைப் பயிற்சியாளர் டாரல் ஹென்லி, ஒஹாயோவில் இருந்து வந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் உடைமாற்றும் அறையில் எல்லோரையும் முழங்காலில் இருத்தி, குடும்பம் குடும்பம் என்று பேசுவார். வளர்ந்த ஆண்கள் அழுவார்கள். அடுத்த கிழமை திரும்பவும் தோற்பார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஹென்லியை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கதை வரும். ப்ரோய்கர் உள்ளூர்ப் பேப்பரிடம், பயிற்சியாளரில் முழு நம்பிக்கை இருக்கிறது என்பார். பிறகு உதவிப் பயிற்சியாளரைத் தனியாக மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அடுத்த நாள் ஹென்லியைக் கட்டிப்பிடிப்பார். ஓடு விற்கிற மனிதருக்கு ஒரு நிறத்தைத் தெரிவு செய்ய முடியவில்லை. விளையாட்டுக்காரர் யாருடைய பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த அணிக்குத் தேவைப்பட்டது ஒரு முடிவு மட்டும்தான். எடுக்க ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை.

எனக்கும் ஹென்லிக்கும் தனிப்பட்ட பகை ஏதும் இல்லை. பருவம் தொடங்க முன் ஒரு கூட்டத்தில், புதன்கிழமைப் பயிற்சியில் முட்டி மோதுவதைக் குறைத்தால் காயங்கள் குறையும் என்று சொன்னேன். படங்களும் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முதல் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. "சிறீ, நீ டேப் ஒட்டு, நான் கோச் பண்ணுகிறேன்" என்றார். முழு அணியும் சிரித்தது. அதன் பிறகு சில பேர் என்னை டேப் என்றே கூப்பிட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிய விசயமில்லை. நான் அதை நினைப்பதே இல்லை.

இனிப் பிருந்தன். அணியின் குவார்ட்டர்பேக் அவன்தான். பந்து முதலில் அவன் கைக்கு வரும், எங்கே எறிவது என்று அவன் தீர்மானிப்பான். டோர்ட்மண்டில் பிறந்த பிள்ளை, எங்கள் ஆட்களுக்கு அவனில் பெருமை. கோயில் திருவிழாவுக்கு வருகிற மாதிரி மேளத்தோடு மைதானத்துக்கு வருவார்கள். விளையாட்டுச் சட்டம் ஒன்றும் தெரியாது, எதிரணி நல்லாய் விளையாடினாலும் கைதட்டுவார்கள். அவனுடைய அம்மா கமலநாயகி அக்கா எனக்கென்று தனியாக மீன் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வருவா. "தம்பி, இவனை உங்களை நம்பித்தான் விட்டிருக்கிறன்" என்பா. ஒவ்வொரு முறையும் அதே வசனம்.

அவன் எல்லோரோடும் டொச்சிலும் இங்கிலீசிலும் கதைப்பான். என்னோடு மட்டும் தமிழ். அந்த அறையில் எங்கள் கதை வேறு ஒருவருக்கும் விளங்காது.

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்கள். பிருந்தன் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாக வலைக்குள் பந்து எறிந்துகொண்டிருந்தான். பின்னால் அடி வைக்கும்போது இரும்புச் சட்டம் ஒன்று காலில் தடக்கி, பின்மண்டை வலைக் கம்பத்தில் அடிபட விழுந்தான். கண்டது நான் மட்டும். அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து கட்டிலில் இருத்தினேன்.

"அண்ணை, லைட் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"வயித்தைப் பிரட்டி சத்தி வருதோ?"

"வாற மாதிரி இருக்கு. ஞாயிற்றுக்கிழமை விளையாட ஏலாதோ?"

"கோச்சுக்கு நான் சொல்லுறன். நீ ஒருத்தரோடையும் கதைக்காதை. பேப்பரில வந்திடும்."

"ஓம் அண்ணை."

என்ன ஏது என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் விளையாடினான். முதல் பாதியில் பந்தை ஆளில்லாத இடங்களுக்கு எறிந்தான். எங்கள் ஆட்களின் மேளம் நின்றுபோனது. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் அவனைத் தோளால் இடித்தான். பெரிய இடி இல்லை. எந்தப் போட்டியிலும் பல முறை நடக்கிற இடி. பிருந்தன் எழும்பினான், ரெண்டு அடி நடந்தான், பிறகு முழங்கால் மடிந்து விழுந்தான். முதலில் ஓடிப் போனவன் நான்தான். அதை எல்லாக் காணொளியிலும் பார்க்கலாம்.

மூளை வீங்கிவிட்டது. மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

அன்று பின்னேரம் பொலிஸ் என்னிடம் கேட்டது. வெள்ளிக்கிழமையே அடிபட்டது, அன்றே ஹென்லிக்குச் சொன்னேன், இவன் விளையாடாவிட்டால் தன் வேலை போய்விடும் என்று அவர்தான் இவனை மைதானத்தில் இறக்கினார் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஹென்லி கத்தினார். கத்துகிற மனிதரை யார் நம்புவார்கள். மாதக்கணக்காக வேலையைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை ஊரே பார்த்திருந்தது. ப்ரோய்கர் அடுத்த நாளே அவரை நீக்கினார். ஒரு பிள்ளையின் மண்டையைத் திறந்து காட்டினால்தான் அந்த மனிதருக்கு முடிவெடுக்க வரும். உதவிப் பயிற்சியாளர் பொறுப்பெடுத்தார். அடுத்த போட்டியில் அணி வென்றது. பிருந்தனின் சட்டை இலக்கத்தைக் கையில் எழுதிக்கொண்டு விளையாடினார்கள், வென்ற பிறகு அழுதார்கள். அவர்களுக்கு அழ ஒரு காரணம் கிடைத்தால் போதும்.

ஹென்லியின் மேல் வழக்குப் பதிந்தார்கள். அவருடைய மனைவி பிள்ளைகளோடு ஒஹாயோவுக்குத் திரும்பிப் போய்விட்டா. அவர் இங்கே ஒரு வாடகை அறையில் வழக்குக்காகக் காத்துக்கொண்டு இருந்தார். ஒரு முறை சுப்பர்மார்க்கெட்டில் கண்டேன். மெலிந்து போயிருந்தார். பால் பெட்டி இருந்த தட்டுக்கு முன்னால், எதை எடுக்க வந்தோம் என்பதை மறந்தவர் மாதிரி நின்றார். நான் வேறு வரிசையில் போனேன்.

கமலநாயகி அக்கா என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். மறுவாழ்வுக் கிளினிக்கில் பிருந்தனுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிறவர்கள் அவசரம் அவசரமாகச் செய்கிறார்கள், நீங்கள் ஒருக்கால் வாங்கோ தம்பி என்றா. போனேன். அது முதல் ஒவ்வொரு வியாழனும் போகிறேன். அவனுக்குப் பேச்சு வராது. வலது பக்கம் அசையாது. இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடித்து நிமிர்த்துவேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். தமிழ்ச்சங்கத்துக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

அவனுடைய அக்கா சிவானுஜா ஆஹென் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவ. ஒரு வியாழன் கிளினிக் நடையில் என்னை மறித்தா.

"அண்ணை, ஒரு விசயம் கேக்கட்டோ. கோச்சுக்கு வெள்ளிக்கிழமையே சொன்னனீங்கள் எண்டு பேப்பரில கிடக்கு."

"ஓம்."

"சனிக்கிழமை பின்னேரம் தம்பி என்னோட போனில கதைச்சவன். சிறீ அண்ணை இன்னும் சொல்லேல்லையாம், நாளைக்குத்தான் சொல்லுவாராம் எண்டவன்."

"அவனுக்கு அப்ப தலை சரியில்லை, பிள்ளை. நாள் மாறியிருக்கும்."

"தலை சரியில்லை எண்டு தெரிஞ்சா, ஏன் அண்ணை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பதில் தெரியவேண்டும் என்ற மாதிரித்தான் கேட்டா. நான் பதில் சொல்ல முதல் அவவுக்குப் பதில் கிடைத்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. பொலிசுக்குப் போனா. கமலநாயகி அக்கா அதை நம்பவில்லை, என்னை வரவேண்டாம் என்று சொல்லவுமில்லை. அந்தக் குடும்பத்தில் யோசிக்கத் தெரிந்தவ அவ ஒருத்திதான். அதற்காக நான் அவவை மதிக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட விசயம். ஹென்லிக்கு நான் வெள்ளிக்கிழமை சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பிருந்தன் வந்து, கோச் என்ன சொன்னவர் என்று கேட்டான்.

"சொன்னனான் தம்பி. பயப்பிட ஒண்டுமில்லை, விளையாடட்டாம்."

"நீங்கள் என்ன சொல்லுறீங்கள் அண்ணை? எனக்கு இன்னும் கண் சரியில்லை. நீங்கள் வேண்டாம் எண்டா நான் நிப்பாட்டுறன்."

"விளையாடு" என்றேன்.

போட்டி தொடங்கச் சற்று முன்னர் ஹென்லி என் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"சிறீ, பையன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறான். அவனுக்கு ஏதாவது நடந்ததா?"

"வெயில்" என்றேன்.

"இன்றைக்குத் தோற்றால் எனக்கு வேலை இல்லை. அது உனக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு ஒரு சின்னக் குறை இருந்தாலும் சொல்லு, உட்கார வைத்துவிடுகிறேன். தோற்றால் தோற்கட்டும். இதில் உன் சொல்தான்."

நான் கொஞ்சம் யோசித்தேன். பிருந்தனை உட்கார வைத்தால் தோல்விக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடும். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் போட்டியை விட்டுக்கொடுத்த மனிதர் என்று பேப்பர் எழுதும். ப்ரோய்கர் உருகிப்போய் இன்னொரு மாதம் கொடுப்பார். திரும்பவும் முழங்காலில் இருந்து அழுகை, திரும்பவும் திங்கட்கிழமைக் கதைகள். எனக்குத் தேவையாயிருந்தது ஒரு அசிங்கமான தோல்வி. அதைத் தரக்கூடிய நிலையில் பிருந்தன் இருந்தான்.

"அவனுக்கு ஒரு குறையும் இல்லை" என்றேன்.

ஹென்லி மூச்சை விட்டார். என் தோளைத் தட்டினார். "நன்றி சிறீ" என்றார். அதுவரை அவர் எனக்கு நன்றி சொன்னதில்லை.

இரண்டாவது அடி பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா என்று நீதிபதி கேட்பார். தெரியும். விளையாட்டுக்காரருக்கு அந்த வகுப்பை வருசா வருசம் எடுப்பவன் நான்தான். படும் என்று நிச்சயமில்லை. படலாம் என்று தெரியும். பட்டால் ஹென்லி எழும்பவே மாட்டார் என்பதும் தெரிந்துதான் இருந்தது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் புத்தியைப் பாவித்திருக்கலாம். அவனுக்குக் கண் இருந்தது, அவருக்கும் கண் இருந்தது. என்னிடம் வந்து கேட்டார்கள். நான் சொன்னேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கோ, கையெழுத்து வைக்கிறேன். ஒரு உதவி மட்டும். நீதிமன்ற டெர்மினை, அந்த விசாரணைத் தேதியை, வியாழக்கிழமையில் போடவேண்டாம் என்று கேட்டுப் பாருங்கோ. அன்றைக்குப் பிருந்தனுக்குப் பயிற்சி. என்னைத் தவிர அந்தப் பிள்ளையை அக்கறையாகப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.