நாலாவது தூண்

போயிடாதீங்க மேடம், கொஞ்சம் இருங்க. இப்ப டிவியில ஓடறது வேலூர்க்காரங்களோடது, மண்புழு உரம். அதுக்கப்புறம் ஒரு கோழி. கோழிக்கு அடுத்து நாங்க. நீங்க ஜட்ஜு, நீங்களே பாக்காம போயிட்டா எப்படி?

அந்தத் தண்ணி டம்ளர அப்படி மேஜையில வச்சிடுங்களேன். காபி வரும்.

முந்தி மாதிரி சார்ட் பேப்பர்ல எழுதி செவுத்துல ஒட்டியிருந்தா, வந்ததும் பாத்துட்டுப் போயிருப்பீங்க. இந்த வருஷம் எலக்ட்ரானிக் போஸ்டர்னுட்டாங்க. போஸ்டர் இத்தனை, டிவி ஒண்ணே ஒண்ணு. கல்யாண வீடியோ எடுக்கறவர்கிட்ட வாடகைக்கு எடுத்தது. ஒவ்வொண்ணும் கொஞ்சம் நின்னுட்டுப் போயிடும். கார்த்திகை தீபத்தன்னிக்கு சாமி பாக்கற மாதிரிதான், கண்ணத் தொறக்கறதுக்குள்ள நகரு நகருன்னுடுவாங்க.

ஆமா, கூட்டம் கம்மிதான். பௌர்ணமி இல்ல? எல்லாம் மலை சுத்தக் கெளம்பியாச்சு. மாநாட்டுக்குத் தேதி குறிச்சதே காலண்டர்ல பௌர்ணமியப் பாத்துதான். வெறும் ஆராய்ச்சிக்கு யாரு மேடம் வர்றாங்க?

என் பேரு ரேவதி, இங்க மைக்ரோபயாலஜி எடுக்கறேன். ஆனா இது நான் பண்ணதில்ல. சினேகான்னு எம்எஸ்சி பொண்ணு, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கறா. இந்த எடத்துல நின்னு அவதான் சொல்லணும். மஞ்சக்காமாலை. கீழ்பென்னாத்தூர்ல வீட்ல படுத்திருக்கா. காலையில போன் பண்ணி, மிஸ், ஜட்ஜ் வந்தா அந்த நாலாவது தூண மட்டுமாவது காட்டிடுங்கன்னா. அதுக்குத்தான் உங்களப் புடிச்சு வச்சிருக்கேன்.

குடிதண்ணி மேடம். நாலு எடத்துல எடுத்து, கக்கூஸ் கிருமி கலந்திருக்கான்னு பாத்தது. எடத்துக்கு ஒரு தூணா, கிருமி எவ்வளவோ அவ்வளவு ஒசரத்துக்குப் படம் போட்டிருக்கா. மூணு தூணு குட்டையா இருக்கும், நாலாவது மட்டும் கோபுரமாட்டம் நிக்கும். எந்த எடம்னு போடக்கூடாதுன்னுட்டாரு பிரின்சிபால் கண்ணாயிரம் சார். ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு போட்டா போதும், அறிவியலுக்கு ஊர் பேரு எதுக்கும்மான்னாரு.

தோ, கோழி வந்துடுச்சு.

அப்புறம் அந்தப் போஸ்டர் பட்டபாட்ட சொல்லணுமே. முதல் பேரு பிரின்சிபாலோடது. ரெண்டாவது எங்க டிபார்ட்மெண்ட் ஹெட் ராமகிருஷ்ணன் சார். மூணாவது நான். சினேகா எங்கன்னு கேட்டா, மற்றும் குழுவினர்ல இருக்கா. ஹெட் சாரு பின்னாடி மலையும் தீபமும் வச்சாரு, எழுத்தெல்லாம் நெருப்புல மறைஞ்சு போச்சு. பிரின்சிபால் மேல குத்துவிளக்கு போட்டு வருக வருகன்னு எழுதச் சொன்னாரு. யாரு எங்க வரணும்னு நான் கேக்கல. முடிவுரைக்கு எடம் பத்தல, எடுத்தாச்சு.

கடைசியா தாளாளர் பலராமன் அய்யாகிட்ட காட்டினோம். நல்லாத்தான் இருக்கு, நம்ம காலேஜுன்னு எப்படித் தெரியும்னாரு. அப்படின்னா அவரு போட்டோ வேணும்னு அர்த்தம். பிரின்சிபாலு போய் ஆல்பத்தையே எடுத்தாந்துட்டாரு. சால்வை போத்தறது, செடி நடறது, எல்லாம் இருந்துச்சு. அய்யாவே ஒண்ணப் பொறுக்கி எடுத்தாரு. தலைப்பு தண்ணிதானே, இதான் பொருத்தம்னாரு. எங்க வைக்கட்டும் அய்யான்னேன். எது ஒசரமா இருக்கோ அது மேல வைம்மான்னாரு.

பிரின்சிபால் மூஞ்சி செத்துப் போச்சு. ஹெட் சாரு சீலிங் ஃபேனப் பாத்தாரு. அங்க வேணாம் அய்யான்னா, ஏன் வேணாம்னு சொல்லணுமே. நான் அய்யா சொன்ன எடத்துலயே வச்சுட்டேன்.

ஐயோ, அந்த டம்ளர வாய் கிட்ட கொண்டு போகாதீங்க. காபி இப்ப வந்துடும் மேடம்.

ரிசல்ட் வந்தன்னிக்கே பிரின்சிபால்கிட்ட குடுத்துட்டேன். மாநாடு முடியட்டும்மா, நாலு பேரு வர்ற நேரம்னாரு. பொண்ணுங்ககிட்ட காய்ச்சிக் குடிங்கன்னு சொன்னேன். ரூம்ல அடுப்பு வைக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு ரூல்ஸ். சினேகாவோட ரூம்ல இருந்த இன்னொரு பொண்ணும் நேத்து ஊருக்குப் போயிட்டா. அவளுக்கும் கண்ணு மஞ்சளா இருந்துச்சு.

தோ வந்துடுச்சு, பாருங்க பாருங்க. தீபத்தப் பாக்காதீங்க, வலது பக்கம். அந்த ஒசரமான செவப்புத் தூணு. அதுக்கு மேல மாலையும் கத்திரிக்கோலுமா சிரிக்கறாரே, அவருதான் எங்க தாளாளர். பின்னாடி ரிப்பன் கட்டியிருக்கறது ஹாஸ்டல் மாடியில இருக்கற தண்ணி டேங்க். போன வருஷம் தொறந்து வச்சாரு.

ஆமா மேடம். அதேதான். எடம் பேரு நாங்க போடல, அய்யாவே போட்டுட்டாரு.

போயிடுச்சு பாருங்க. பரவால்ல, இன்னொரு சுத்து வரும். நீங்க மார்க் போடாட்டியும் போகுது, பாத்தேன்னு ரெண்டு வரி எழுதிடுங்க. வெளியூர் ஜட்ஜு எழுதினா அதத் தள்ளி வைக்க முடியாது.

அந்த டம்ளர இப்படிக் குடுங்க. இந்த ஹாலுக்கும் அந்த டேங்க்ல இருந்துதான் பைப்பு வருது. காபின்னா கொதிச்சிருக்கும்.