டயர் வாங்க நல்ல நாள்

“டயருக்குமாடா சோசியம் பாத்தே?”

இன்சீன் செல்லும் சுற்று ரயிலில், என் எதிரே இருந்த அம்மாள் தன் தம்பியிடம் கேட்டார். காரில் கட்டி இழுக்கும் ட்ரெய்லரில் குடும்பத்தோடு தங்கி, திருவிழாக்களில் பலகாரம் விற்பவர் அந்தத் தம்பி என்பது பேச்சில் தெரிந்தது.

“சோசியர் சயா செவ்வாக்கிழமை வாங்கி, வியாழக்கிழமை மாட்டச் சொன்னாருக்கா. ரெண்டு நாள் டயரு ட்ரெய்லருக்குள்ள சும்மா கெடந்துச்சு. மா கின் அதுல இருந்த நாலு இலக்க எண்ணைப் படிச்சுட்டா.”

“உன் பொண்டாட்டி எதையும் விடமாட்டாளே! என்ன எண்ணு?”

“டயரு செஞ்ச வாரமும் வருசமும். மேல பளபளன்னு பாலிசு; உள்ள ஒம்பது வருசப் பழசு.”

“ஐயோ, பிள்ளைங்களோட தன்லியின் பாலத்துல வெடிச்சிருந்தா?”

“அதான்க்கா. மாட்டாததால கடையில மாத்திக் குடுத்துட்டாங்க. இப்ப புதுசு, ட்ரெய்லர் பாரம் தாங்குறது. எண்ணை அவளே பாத்து எடுத்தா.”

அம்மாள் நீண்ட மூச்சு விட்டார். “சயாவுக்குக் காணிக்கை வச்சியா?”

“மா கின்தான் வைக்கச் சொன்னா. டயரைப் பாக்க அவளுக்கு ரெண்டு நாள் வாங்கிக் குடுத்த மனுசனாம்.”