ஓய்வுக்கு எந்த விசா, மேடம்?

ஹலோ... ஹலோ... விசா ஆபீஸா? மேடம், நான்தான், சாவிக்கடை... ஆமா ஆமா, பஸ் ஸ்டாப் பக்கத்துல... ஐயோ, சாவிக்கடைக்காரர்னு எழுதாதீங்க! முன்னாள் சாவிக்கடைக்காரர்னு எழுதுங்க... வாய் தவறிடுச்சு மேடம். இத்தனை வருஷப் பழக்கம், ஒரு மாசத்துல போயிடுமா?

... ஆமா, ஞாபகம் இருக்கு. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், இல்லேன்னா அப்பாயின்ட்மென்ட் வேற யாருக்கோ போயிடும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஆனா எந்த விசான்னு இன்னும் முடிவாகல. இன்னொரு தடவை பொறுமையா சொல்லுங்க. நேத்து சொன்னது மண்டையில ஏறல.

... சரி... சரி... இங்கேர்ந்து நேரா ஓய்வு விசாவுக்கு மனு போட முடியாது... ஆமா... முதல்ல உள்ள போறதுக்கு ஒரு விசா. போய் அங்க உக்காந்துக்கிட்டு ஓய்வுக்கு மனு... புரியுது. அந்த உள்ள போற விசாவைத் தப்பா எடுத்துட்டா? ... மாத்தவே முடியாதா? திருப்பி அனுப்பிடுவாங்களா! ... அதான, சாவியே தப்புன்னா கதவு எப்படி... இல்ல இல்ல, நான் சாவியைப் பத்திப் பேசல மேடம், உதாரணத்துக்குச் சொன்னேன். இதெல்லாம் ரெகார்ட் ஆகுதா?

... டூரிஸ்ட் விசா சுலபம். சரி... திரும்பி வருவேன்னு அத்தாட்சி காட்டணும்... கடை இருக்கு, வீடு இருக்கு, பொண்டாட்டி இருக்கான்னு காட்டினா போதும்... எல்லாம் இருக்கே! ... ஓ. அப்புறம் அங்க போய், நான் திரும்பிப் போகவே மாட்டேன்னு மனு போடணும். ... ஏன் மேடம், ஒரே ஆள்கிட்ட முன்வாசல்ல ஒண்ணு, பின்வாசல்ல ஒண்ணு சொன்னா செருப்பால அடிக்க மாட்டாங்களா? ... அடிக்க மாட்டாங்க, ரிஜெக்ட் பண்ணுவாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

... லாங் ஸ்டே. ஆமா, எனக்கு அதுலதான் ஆசை. அதுக்கு வேலையை விட்டுட்டேன்னு அத்தாட்சி வேணும். குடுத்தேனே! ... ஆமா, 'இவரை வேலையிலேர்ந்து விடுவிக்கிறேன்'னு எழுதி, கீழ நானே கையெழுத்துப் போட்டு... எதுக்குத் தள்ளினாங்க? ... விடுவிக்கிறவர் கையெழுத்தும் விடுபடறவர் கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கா? ஒரே ஆள்தானே மேடம்! வேற மாதிரி போட்டாத்தான் கள்ளக் கையெழுத்து!

... தெரியும், தெரியும். நீங்க சொல்லித்தான் கடையை வீட்டுக்காரி பேருக்கு மாத்தினேன். இப்ப அவ முதலாளி, நான் சம்பளக்காரன். அவ ஒரு கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பிட்டா கதை முடிஞ்சுது... போட மாட்டேங்கிறாளே! அதுதானே பிரச்சினை! ... காரணமா? பாக்கி வேலை இருக்காம். முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போகணுமாம். முந்தாநாள் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன் மேடம், அதுக்கு அரை நாள் லீவு போட்டுட்டா! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை... சரி, பேசுவா. நிறையவே பேசுவா. ஆனா எழுதி வச்சதில்ல.

ஒரு நிமிஷம்... சார், இருங்க சார், போன்ல இருக்கேன்ல... மேடம், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. விசாரிக்க ஆள் அனுப்புவாங்கன்னு சொன்னீங்களே... ஆமா, நான் நிஜமாவே வேலையை விட்டுட்டேனான்னு பார்க்க... அந்த ஆள் துண்டோட வருவாரா? ... துண்டு மேடம். குளிக்கிற துண்டு. இடுப்புல. வேற ஒண்ணும் இல்ல... தலை பூரா சோப்பு நுரை. ... மாடி வீட்டு சார் மாதிரிதான் இருக்காரு. ஆனா அவரு கண்ணாடி போட்டிருப்பாரு, இவரு போடல... ஆமாமா, குளிக்கறப்ப போட மாட்டாருதான். ... தண்ணி நின்னுபோச்சாம், மோட்டார் போட வெளிய வந்தாராம், கதவு படார்னு சாத்திக்கிச்சாம். நம்பற மாதிரியா இருக்கு? என்னைச் சோதிக்கறதுக்குன்னே ஜோடிச்ச மாதிரி இல்ல?

சார், எனக்குப் பூட்டு திறக்கத் தெரியாது சார்... போன வாரம் திறந்தது வேற ஆள் சார்.

... மேடம், அவரு அழுதுடுவாரு போல இருக்கு. என் கை துறுதுறுங்குது, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அந்தக் கதவு ஒரே கம்பியில திறந்துடும்... மாட்டேன், மாட்டேன். தொட மாட்டேன்.

... அட, இதுக்குத்தான் மேடம் நாட்டை விட்டே போறேங்கிறேன்! பக்கத்து ஊர்ல வீடு பார்த்தா போதாதான்னு நீங்க சுலபமா கேட்டுட்டீங்க. மச்சான் கல்யாணத்துல போட்டோவுக்கு நிக்க விடல என்னை. பொண்ணோட பெட்டி திறக்கலைன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாப் படத்துலயும் எல்லாரும் இருக்காங்க, என்னைத் தவிர. ஆஸ்பத்திரியில மூச்சுத் திணறல்னு படுத்திருக்கேன், நர்ஸம்மா வந்து மருந்து அலமாரி சாவியைக் காணோங்கிறாங்க. டிரிப்ஸோட போய்த் திறந்தேன் மேடம், டிரிப்ஸோட! ... சிரிக்காதீங்க. நீங்க அனுப்பின படத்துல பார்த்தேன், அந்த நாட்டுல கடலோரமா வீடு, எல்லாக் கதவுக்கும் கார்டு. காட்டினா திறக்குது. நான் யாருன்னே அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு வேளை மேடம்... ஒரே ஒரு வேளை, யாரும் கூப்பிடாம நான் முழுசா உக்காந்து சாப்பிடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

... இருங்க, முதலாளியம்மா வர்றாங்க. ஏம்மா, இந்தக் கையெழுத்தைப் போடும்மா, மேடம் லைன்ல காத்துக்கிட்டிருக்காங்க... துண்டு சாருக்குத் திறக்கணுமா? அவரு நிக்கட்டும், இப்ப என்ன... பேனாவா? இந்தா... மேடம்! போட்டுட்டா! நம்புவீங்களா, சர்ருனு போட்டுட்டா! 'போங்க, விட்டாச்சு உங்களை'ங்கிறா! ... ஆமா ஆமா, தேதியோட! நான் ரிட்டயர் ஆயிட்டேன் மேடம்! லாங் ஸ்டே போடுங்க, ரெண்டு பேருக்கும்!

ஏய், என் பையை எங்க எடுத்துட்டுப் போற? ... மேடம், கம்பிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு மாடி ஏறுறா. துண்டு சார் பின்னாலேயே ஓடறாரு. ... அவளுக்கா? மெஷின்ல டூப்ளிகேட் சாவி போடுவா. கம்பி விட்டுத் திறக்கறதெல்லாம் வராது மேடம், அது கைப்பழக்கம். பாருங்க, இப்பக் கத்துவா, 'ஏங்க, கொஞ்சம் வாங்க'ன்னு...

நீங்க சொல்லுங்க... என்னது? ரெண்டு பேருக்கும் போட முடியாதா? ... அவ ரிட்டயர் ஆகலையா. ஆமா, அவ கடை நடத்தறா... கடை நடத்தறவங்க ஓய்வுக்காரங்களோட வர முடியாது. சரி, அவளும் விட்டுடட்டும்! ... அவளை யாரு விடுவிக்கிறதுன்னா... கடையை மறுபடி என் பேருக்கு மாத்தி, நான் முதலாளியா கையெழுத்துப் போட்டு... அப்ப நான் ரிட்டயர் இல்ல. ... ஆமா. ... மேடம், இந்தச் சட்டத்தைக் கண்டுபிடிச்சவனை ஒரு ரூம்ல போட்டுப் பூட்டணும். வந்து திறன்னு யாரு கெஞ்சினாலும் நான் போக மாட்டேன்.

... நான் மட்டுமா? ... தனியாவா... யோசிக்கறேன். ... கடலோரம், கார்டு கதவு, யாரும் கூப்பிடாத சாப்பாடு. எதிர்ல யாரு மேடம் உக்காந்திருப்பா? ... வேணாம். அவ இல்லாம எனக்குச் சோறு இறங்காது. இதை அவகிட்ட சொல்லிடாதீங்க. இப்பவே முதலாளி, இது தெரிஞ்சா அவ்வளவுதான்.

... இருங்க. கேட்டீங்களா? ... உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேட்டுச்சு. மேல. ... திறந்துட்டா மேடம். நான் எடுத்துக்கற நேரம்கூட அவ எடுத்துக்கல. ... யாரு சொல்லிக் குடுத்தா? ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல. பக்கத்துலேயே உக்காந்திருந்தா இத்தனை வருஷமும். என் கையைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கா. நான்தான் அவ பக்கம் திரும்பிப் பார்க்கல.

... சந்தோஷம்தான் மேடம். என் குரல் எப்பவும் இப்படித்தான்.

டூரிஸ்ட் போடுங்க. ரெண்டு பேருக்கும்... ஆமா, முடிவு பண்ணிட்டேன். போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றோம்... திரும்பி வருவோம்னு அத்தாட்சியா? அவளுக்குக் கடை இருக்கு. எனக்கு அவ இருக்கா. போதுமா? ... பொய்யே இல்ல பாருங்க. அங்க போய் மாத்திப் பேச வேண்டியதும் இல்ல... ஓய்வா? அதை இங்கேயே எடுத்துக்கறேன். இதோ, இப்பலேர்ந்து. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன் மேடம். யாரு வந்தாலும் சரி, இனிமே நான்...

ஒரு நிமிஷம், யாரோ வர்றாங்க. ... வாங்கம்மா... பீரோ திறக்கலையா? ... யாரு? இப்ப மாடிக் கதவைத் திறந்தாங்களே, அந்த அம்மாவா? ... மேடம், 'அம்மா இருக்காங்களா'ன்னு கேக்கறாங்க. என்னைப் பார்த்துக் கேக்கறாங்க மேடம்! ... இல்லம்மா, அவங்க இன்னும் மேலேர்ந்து இறங்கல... வர்ற வரைக்கும் நிக்கறீங்களா? எதுக்கு நிக்கணும்? நான் ஒருத்தன் உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? ... ஏம்மா, நானும் திறப்பேம்மா! ... கஷ்டமான பூட்டா? எவ்வளவு கஷ்டம்னு நான் பார்க்கறேன், எந்தத் தெரு? ... இருங்க, செருப்பைப் போட்டுக்கறேன்... மேடம், நீங்க விசாவைப் போட்டுடுங்க, எனக்கு வேலை வந்திருக்கு, வச்சுடறேன்!