இல்லாத விரலுக்கு வரி

"இல்லாத கால்விரலுக்கும் வருஷா வருஷம் வரி கட்டிட்டிருக்கேன்" என்றார், புனேயில் நிக்டி போகும் பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர். கம்பெனி செக்யூரிட்டி ஆபீசர் சீருடை, பளபளக்கும் பூட்ஸ்.

"பனியில விரல் போய்தானே பட்டாளத்துலேர்ந்து அனுப்பினாங்க? அந்த டிசபிலிட்டி பென்ஷனுக்கு வரியே கிடையாதுண்ணே" என்றார் கூட வந்தவர்.

"தெரியும்."

"அரே, அப்புறம் எதுக்குக் கட்டறீங்க?"

"சாதாரண பென்ஷன்னு சொல்லி வச்சிருக்கேன், அதையும் சம்பளத்தோட சேத்து வரி பிடிக்கறது கம்பெனி. வேணாம்னா ஊனம்னு அவங்களுக்குக் காகிதம் குடுக்கணும். நான் முழு ஃபிட்னு எழுதிக் குடுத்துல்ல வேலைக்குச் சேந்தேன்!"

பஸ் வந்தது. ஊனமுற்றோர் இருக்கை மட்டும் காலியாக இருந்தது. நண்பர் அதைக் காட்டினார். ஆபீசர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். நிக்டி வரை நின்றுகொண்டே வந்தார்.