ஆந்தைப் புத்தகமும் மஞ்சள் சீட்டுகளும்

காப்பி ஆறுவதற்குள் குடித்துவிடு, கிளின்ட். ஞாயிறு பள்ளியில் என்னிடம் படித்தவன் நீ. போலீஸ் உடுப்பில் வந்திருந்தாலும் கேக் சாப்பிடாமல் போகக் கூடாது. பீச் பழம் போட்டது. கணவர் போன பிறகும் இதைச் செய்வதை நான் விடவில்லை. ஒருத்திக்கு ஒரு முழுக் கேக் அதிகம்தான்.

டெல்லாவுக்கு இது பிடிக்கும். அம்மா இறந்த பிறகு, பள்ளி விட்டதும் என் வீட்டுக்குத்தான் வருவாள். அவள் அப்பா கோழி இறைச்சி ஆலை வேலையிலிருந்து வரும்வரை இருப்பாள். அவள் வருவாள் என்றுதான் நான் காலையில் எழுந்தேன். பிறகு நூலகத்தில் வேலை பார்த்த கோரா அவளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்தாள். இறந்துபோன தாய் ஆந்தையாகத் திரும்பி வந்து, மகளுக்காகக் காட்டு மரத்தில் காத்திருக்கும் கதை. அதன்பின் டெல்லா என் வாசலைத் தாண்டி நேரே நூலகத்துக்குப் போனாள். போகும்போது கையசைப்பாள். மரியாதை தெரிந்த பிள்ளை.

நம் சபையின் ஜெபச் சங்கிலி உனக்குத் தெரியும். ஜெபிக்க வேண்டிய ஒரு பாரத்தை ஒருவர் போனில் சொன்னால், கேட்டவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். புறம் பேசினால் பாவம். ஜெபிக்கச் சொல்லிப் பேசினால் பாவமில்லை. "செத்தவங்களோட பேசச் சொல்லிக் குடுக்கிற புஸ்தகம் நம்ம பிள்ளைங்க கையில இருக்கு, ஜெபம் பண்ணுங்க" என்று ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் ஊரே மண்டியிட்டது. அந்த வாரம் முழுக்க என் போன் ஓயவில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கோரா வந்து கேட்டாள்.

"முழுசாப் படிச்சுப் பாத்தியா, இர்மா?"

"சாக்கடைன்னு தெரிஞ்சுக்க அதுல இறங்கித்தான் பாக்கணுமா?"

இதைச் சபையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கோராவின் வேலை போயிற்று. தப்பான இடங்களில் அடையாளம் வைத்துத் தரும்படி, நூலகக் குழு புத்தகத்தையும் ஒரு கட்டு மஞ்சள் சீட்டுகளையும் என்னிடமே கொடுத்தது.

பனிமழை பெய்த அன்று மத்தியானம் டெல்லா வந்தாள்.

"இர்மா ஆன்ட்டி, அந்தப் புஸ்தகம் உங்ககிட்டயா இருக்கு? அம்மா எந்த மரத்துல உக்காந்திருப்பாங்கன்னு மறந்துபோச்சு. பாத்துட்டுத் தந்துடறேன்."

புத்தகம் சமையலறை இழுப்பறையில், துண்டுகளுக்கு அடியில் இருந்தது.

"அதை எரிச்சாச்சு, கண்ணு. உள்ள வா, கேக் இருக்கு."

"அப்ப நானே தேடிப் பாத்துக்கறேன்" என்றாள். மெல்லிய கோட்டுதான் போட்டிருந்தாள்.

அவள் என் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டுக்குள் போவதைச் சன்னல் வழியே பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் குளிர் தாங்காமல் திரும்பினால் முதலில் வருவது என் வீடுதானே என்று பாலைச் சுட வைத்தேன். அவள் அப்பா போன் செய்து கேட்டார். "இங்க வரலையே" என்றேன். சொல்லியிருந்தால் அவர் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பார். பிறகு பிள்ளை கிடைக்க வேண்டுமென்று ஜெபச் சங்கிலியில் முதல் ஆளாகச் சொன்னதும் நான்தான்.

எந்த மரத்தடியில் விறைத்துக் கிடந்தாள் என்பது உனக்குத்தான் தெரியும். நீதானே தூக்கி வந்தாய்.

இந்தா, புத்தகம். இப்போது மத்தியானங்களில் மேசையில் இரண்டு தட்டு வைத்து, இதைச் சத்தமாகப் படிக்கிறேன். முதலிலிருந்து கடைசிவரை பலமுறை படித்தாயிற்று. மஞ்சள் சீட்டுகள் கட்டுப் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன, கிளின்ட். வைக்க இடம் கிடைக்கவில்லை.