வலப்பக்கப் பால்

ஓடுகிறேன். இடுப்பில் குழந்தை. பின்னால் யாரோ கத்துகிறார்கள்.

"வேட்டு! வேட்டு! ஒதுங்கு!"

முதல் சத்தம். தரை அதிர்கிறது. வறண்ட வாய்க்காலில் விழுகிறேன். குழந்தையை அடியில் போட்டு மேலே கவிழ்ந்துகொள்கிறேன். முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடிக்கிறேன். அவள் வாயில் விரல்விட்டுத் திறந்து பிடிக்கிறேன். வாய் மூடியிருந்தால் காது போய்விடும். குண்டு விழும்போது இப்படிச் செய்ய ரங்கூனில் சொல்லிக்கொடுத்தது. இரண்டாவது சத்தம். மூன்றாவது. பிறகு ஒன்றுமில்லை. விமானம் இல்லை.

தலையைத் தூக்கினேன். ராஜகிரிக் கோட்டை அப்படியே நிற்கிறது. இது செஞ்சி. 1942, சித்திரை. ரோட்டு ஜல்லிக்காகக் குன்றில் பாறைக்கு வெடி வைத்திருக்கிறார்கள். எங்களோடு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய வந்த பெண்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள்.

அன்னம்மா ஓடிவந்தாள். என் கொழுந்தன் மனைவி. குழந்தையின் தாய்.

"இன்னாக்கா இது! பாறதான் ஒடைக்கிறாங்க. குடு எம்புள்ளைய!"

எம்புள்ள. அதைக் கேட்டதும் என் பிடி இறுகியது. அவள் பிடுங்கிக்கொண்டாள். பிலோமி அவள் தோளில் முகம் புதைத்து அழுதாள். நான் வாய்க்காலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெடியைத் தாங்கிவிட்டேன். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பாதி மறைத்துச் சொன்னால் மீதியும் மறந்துபோகும்.

1941 டிசம்பர் 23. ரங்கூன். காலை பத்து மணி இருக்கும். முதலில் தேனீ இரைகிற சத்தம். ஜப்பான் விமானங்கள். எல்லாரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்கள் நிறையப் பேர் செத்தார்கள். என் வீட்டுக்காரர் கப்பல் துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்று கொழுந்தனைத் துறையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். முன்னால் போங்கள், வருகிறேன் என்றார்.

நடந்தோம். நான். என் மகன் அந்தோணி, பத்து மாதம். அன்னம்மா. அவள் மகள் பிலோமி, ஒன்பது மாதம். அன்னம்மாவின் தம்பி சூசை. புரோம் ஊரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகிற மலைப்பாதை. தண்ணீர் இருக்கிற இடத்தில் எல்லாம் காலரா. அன்னம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. இரண்டு குழந்தைகளுக்கும் நானே கொடுத்தேன். வலப்பக்கம் அந்தோணிக்கு. இடப்பக்கம் பிலோமிக்கு. மாற்ற மாட்டேன். அடுத்தவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் பெற்ற பிள்ளையின் பக்கத்தைத் தொடவிடக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள்.

உயிரோடு ஊர் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் மொட்டை போடுகிறேன் என்று எங்கள் கோயில் அந்தோணியாரிடம் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன். என் மகன் பெயரைத்தான் முதலில் சொன்னேன்.

ஆறாம் நாள் காலையில் அந்தோணி வாந்தி எடுத்தான். சாயங்காலம் அவன் இல்லை. சூசை சாப்பிடுகிற தட்டால் குழி தோண்டினான். தட்டு பாறையில் உரசுகிற சத்தம். நெடுநேரம் கேட்டது.

மறுநாள் வலப்பக்கம் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. தொட்டால் உயிர் போகிறது. அப்போதும் பிலோமிக்குக் கொடுக்கவில்லை. புதருக்குப் பின்னால் போய் மண்ணில் பீய்ச்சினேன். இரண்டு நாள். இடப்பக்கம் மட்டும் அவளுக்குப் போதவில்லை. கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. கேட்டுக்கொண்டேதான் பீய்ச்சினேன். என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்கிறான், இவள் பிள்ளை மட்டும் குடிக்க வேண்டுமா? அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் அழவில்லை. தலை தொங்கியது. எடுத்தேன். வலப்பக்கம் வைத்தேன்.

ஊர் சேர்ந்தோம். காரணமில்லாமல் ஆண்டவர் யாரையும் பிழைக்க வைப்பதில்லை என்று சாமியார் பூசையில் சொன்னார். கோயிலே பிலோமியைத் திரும்பிப் பார்த்தது. அன்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் என் மகனைச் சாகவிட்டதற்கு என்ன காரணம்? பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூன் 13. அந்தோணியார் திருநாள். பிலோமிக்கு மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடி இறக்குவோம். மாமன் சூசை இல்லை. அந்தோணி போன நான்காம் நாள் அவனும் போய்விட்டான். உறவில் ஓர் ஆளை உட்காரச் சொன்னார்கள். அன்னம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஒக்காருக்கா. ஒம் மடியிலதான் எறக்கணும்."

"வேணான்டி. ரெண்டு நாளு இவளுக்கு நான் வலப்பக்கம் குடுக்கல. மண்ணுல பீச்சிட்டேன்."

"தெரியும். படுத்துக்கினே பாத்துக்கினுதான் இருந்தேன். மூணா நாளு குடுத்தியேக்கா. எம்புள்ள போயி ஒம்புள்ள இருந்திருந்தா, நான் குடுத்திருப்பனான்னு எனக்கே தெரியல. ஒக்காரு."

உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீர் தெளித்தார். ஈர முடி என் மடியில் விழுந்தது. பிலோமி என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு திமிறாமல் இருந்தாள்.

என் மகன் சாவில் ஆண்டவருக்கு நோக்கம் இருந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் என் கை அவளை எடுத்தது. எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. என்னை எனக்குத் தெரியும். அவர் அங்கே இருந்தார் என்றால் அந்த ஒரு இடத்தில்தான் இருந்தார். எனக்குத் தெரிந்த நோக்கம் அவ்வளவுதான்.

இழந்தவர்கள். என் வீட்டுக்காரர், ரங்கூன் துறையில். அந்தோணி, மலைப்பாதையில், ஓர் ஓடைக்கு இந்தப் பக்கம். சூசை, அதே பாதையில், குழி தோண்ட ஆள் இல்லாமல். கொழுந்தன், கடிதம் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி. என் கல்யாணப் புடவை. ஐந்து பேர் நடக்கத் தொடங்கி, மூன்று பேர் செஞ்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

பிலோமி இருக்கிறாள். அவளுக்கும் இப்போது பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அன்னம்மாவைத்தான் அம்மா என்று கூப்பிட்டுக் கைபிடித்துப் படி இறக்குகிறாள். இன்றும் என் வயிறு எரிகிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.